நாச்சிமுத்து இருமிய மரம்

சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இலையை மடித்துப் போட்டுவிட்டு வாருங்கள். பாதியில் எழுந்து வந்து ரசத்துக்குள் ஏதோ நெளிகிறது என்று புகார் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டோம், ஏனென்றால் நூலாம்பாளையத்தில் நடந்தது சளியில் ஆரம்பித்துச் சளியில் முடிந்த சங்கதி, நடுவில் கொஞ்சம் பாலும் உண்டு, அந்தப் பாலை நினைத்தால்தான் இன்னும் வயிற்றைப் புரட்டுகிறது.

நூலாம்பாளையத்தில் ஒரு கழிவுப் பஞ்சு மில் இருந்தது. மற்ற மில்கள் வேண்டாம் என்று தள்ளிய பஞ்சை, பனியன் கம்பெனிகள் வெட்டி எறிந்த துண்டை, யார் யாரோ படுத்து எழுந்த மெத்தைகளின் வயிற்றை, எல்லாவற்றையும் லாரியில் கொண்டுவந்து கொட்டி, அடித்து, பிய்த்து, சீவி, மறுபடி நூலாக்குகிற மில். அதனால் ஊரில் பஞ்சு படியாத இடமே கிடையாது, எருமையின் இமையில் பஞ்சு, கருப்பராயன் சிலையின் மீசையில் பஞ்சு, இட்லித் துணியில் பஞ்சு, தொட்டிலில் கிடக்கிற பிள்ளை கொட்டாவி விட்டால் அந்தக் கொட்டாவியில் ஒரு பொட்டுப் பஞ்சு. இதைப் பற்றி ஊர்க்காரர்கள் கவலைப்பட்டதே இல்லை. அவர்களிடம் வெல்லம் இருந்தது.

ஷிப்டு முடிந்து வருகிற ஒவ்வொருவருக்கும் மில் கேட்டில் ஒரு கட்டி வெல்லம் கொடுப்பார்கள். அதை நாக்கில் வைத்து, எச்சிலோடு கரைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே விழுங்காக விழுங்க வேண்டும்; தொண்டையில் படிந்த பஞ்சு வெல்லத்தோடு ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குப் போய், அங்கிருந்து போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும் என்பது மில் திறந்த நாளிலிருந்து நம்பிக்கை. முதல் கட்டி எப்போதும் முதலாளி ராக்கியப்பனுக்கு. அவரே ஊராட்சித் தலைவரும் என்பதால், வெள்ளை வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு இறங்கி வந்து, எல்லாரும் பார்க்க வாயைத் திறந்து, வெல்லத்தைப் போட்டு, நானும் உங்களோடு சேர்ந்துதான் விழுங்குகிறேன் பாருங்கள் என்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மேலே ஏசி ரூமுக்குப் போய்விடுவார். அந்த வெல்லப் பானைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கட்டி கட்டியாக எடுத்துக் கொடுத்தவள் துளசிமணி. அவள் புருஷன் நாச்சிமுத்து உள்ளே பஞ்சு சீவுகிற கார்டிங் மிஷினில், அதாவது மில்லிலேயே அதிகமாகப் பஞ்சு பறக்கிற இடத்தில், கல்யாணமான வருஷத்திலிருந்து நின்றுகொண்டிருந்தார்.

நாச்சிமுத்துவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று மருத்துவ முகாமுக்கு வந்த டாக்டர் சொன்ன அன்றே, ஊருக்கெல்லாம் வெல்லம் கொடுத்த துளசிமணி புருஷனுக்கு மட்டும் வெறுங்கையைக் காட்டினாள். அவரும் மறுபேச்சில்லாமல் விழுங்காமல் வீட்டுக்கு நடந்தார். விழுங்காத பஞ்சு எங்கேதான் போகும்? அதுவாக ஒரு வழி பார்த்துக்கொண்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், குருசாமியின் பேக்கரி முன்னால் சர்க்கரை போடாத டீயோடு நின்ற நாச்சிமுத்து, பூனை முடியைக் கக்குவதற்கு முன்னால் செய்கிற மாதிரி கழுத்தை நீட்டினார், குனிந்தார், நெஞ்சுக்குள் யாரோ ஈரப் பாயைத் தரதரவென்று இழுக்கிற சத்தம் கேட்டது, உதட்டோரம் ஒரு வெள்ளைக் காம்பு எட்டிப் பார்த்தது, அதை அவரே இரண்டு விரலால் பிடித்து இழுக்க, காம்புக்குப் பின்னால் இரண்டு கிளை, கிளைக்குப் பின்னால் இரண்டிரண்டு கிளை, அதற்குப் பின்னால் இன்னும் மெல்லிசாக இன்னும் இன்னும், எச்சில் நூலாகத் தொங்க, வழவழவென்று, சேம்பு இலைக்கடியில் நத்தை நகர்ந்த வாசத்தோடு வெளியே வந்து உள்ளங்கையில் விழுந்து, குடை விரிகிற மாதிரி விரிந்தது. பக்கத்தில் பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தவர் பன்னை டீக்குள்ளேயே விட்டுவிட்டு எழுந்து போனார். குருசாமி ஒரு வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். அது சாக்கடைக்குப் போகவில்லை. தண்ணீர் பட்டதும் விறைத்து, வெயில் பட்டதும் வெளுத்து, உப்பளத்தில் எடுத்த மாதிரி கெட்டியாகி, சிமென்ட் வாசலில் ஒரு குட்டி மரமாக நின்றது.

தொட யாருக்கும் மனமில்லை. கடைசியில் குருசாமி இடுக்கியால் பிடித்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண் காணாமல் போகட்டும் என்று தகரக் கூரை மேல் வீசினார். வீசிய நிமிஷத்தில், அதுவரை பாம்பு சீறுவது போல் இரைந்துகொண்டிருந்த பேக்கரி டிவியில் செய்தி வாசிக்கிற அம்மாளின் மூக்குத்திக் கல் வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. தண்ணித் தொட்டி மேல் ஏறினால்தான் டவர் கிடைக்கும் ஊரில் அங்கே நின்ற எல்லாருடைய சட்டைப் பையிலும் ஒரே நேரத்தில் போன் அடித்தது.

கூரையை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு எல்லாரும் போனை எடுத்துப் பேசினார்கள்.

அந்தச் சமயம் ஊருக்குப் புதுச் சாக்கடை போட அளவெடுக்க வந்திருந்த இன்ஜினியர் பரணிதரன், சின்ன வயசு, பேசும்போது கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே வரும், அவரும் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். பார்த்தவர் இறங்கவில்லை. கீழே நின்றவர்களுக்குக் கூரை மேலிருந்தே பாடம் நடத்தினார்: இதுக்குப் பேரு பிராக்டல் சார், காலிபிளவர்ல ஒரு பூவைக் கிள்ளினா அதுவும் ஒரு குட்டிக் காலிபிளவர், அதுல ஒண்ணைக் கிள்ளினா அதுவும் காலிபிளவர், அது மாதிரி இதுல எந்த நுனியை எடுத்தாலும் முழு மரம் சார், பெரிய கிளை ஒரு அலையைப் பிடிக்குது, சின்னக் கிளை வேற அலையைப் பிடிக்குது, அதனாலதான் எல்லாச் சேனலும் வருது, நெஞ்சுக்குள்ள இருக்குற குழாய் எல்லாம் இந்த டிசைன்தான் சார், விரிச்சுப் போட்டா ஒரு பூப்பந்து கிரவுண்டு அளவு இருக்கறதை மடிச்சு மடிச்சு ஒரு மனுஷனுக்குள்ள வெச்சிருக்கு. இதைக் கேட்டுக்கொண்டே அந்த மனுஷன், நாச்சிமுத்து, கீழே வாயைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரை யாரும் பார்க்கவில்லை.

இரண்டாவது மரம் முழங்கை நீளம் வந்தது. மூன்றாவது முறத்தளவு. இருமலுக்கு ஒரு மரம் என்று வந்துகொண்டே இருந்தது, ஒன்றை விட ஒன்று பெரிதாக, ஒரு மனுஷ நெஞ்சுக்குள் இது எப்படி அடங்கியது என்று கேட்கலாம், நூலாம்பாளையத்தில் யாரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது அடுத்தது எப்போது வரும், யாருக்குப் போகும் என்பதுதான்.

கஷ்டம் என்னவென்றால், எல்லாம் வேலை செய்தது. தென்னந்தோப்புக்காரர் ஒருவர் ஒரு மரத்தின் காம்பில் ஓஸ் பைப்பைச் சொருகினார். உள்ளே பொந்தாக இருந்த கிளைகள் வழியாகத் தண்ணீர் பிரிந்து பிரிந்து போய், மேட்டில் நின்ற தென்னைக்கும் பள்ளத்தில் நின்ற தென்னைக்கும் ஒரே அளவு சொட்டியது. பரணிதரன் தரையில் ஒரு மரத்தைப் படுக்கப் போட்டு, அதைப் பார்த்தே சாக்கடைப் படத்தை வரைந்தார். அந்தப் படத்தின்படி வெட்டிய பிறகு வந்த மழைக்கு முதல் தடவையாக மாரியம்மன் கோயில் முன்னால் தண்ணீர் தேங்கவில்லை. பெட்ஷீட்டுக்குப் பிரிண்ட் போடுகிறவர் அதைச் சாயத்தில் முக்கித் துணியில் ஒற்றினார். வந்த டிசைனைப் பார்த்து வெளியூர்க் கடைக்காரர்கள் ஆகா என்றார்கள். அப்புறம் அதே டிசைன் சேலையில் வந்தது, தலையணை உறையில் வந்தது, சடங்குப் பத்திரிகையின் ஓரத்தில் வந்தது, ஒரு வீட்டில் புதுமாப்பிள்ளைக்கு விருந்து போட்ட மேஜை விரிப்பில் வந்தது, அந்த விரிப்பின் மேல் ஆட்டுக்கறிக் குழம்பு சிந்தியபோது நாக்கால் நக்கிய குழந்தையை யாரும் அதட்டவில்லை.

பால் சொசைட்டிதான் உச்சம். செயலாளர் ரங்கநாதன் மூக்காலேயே பேசுகிறவர், அவர் கணக்குப் போட்டது இப்படி: ங்கொய்யால, பாலு சூடா வருது, குளுந்து போறதுக்குள்ள திரிஞ்சு போவுது, இந்தச் சனியன் கெளைக்குள்ள உட்டா, இத்தன பாகமா பிரிஞ்சு ஓடுனா, சித்தங்கூர நேரத்துல குளுந்துருமில்ல? விட்டார். குளிர்ந்தது. குளிர்ந்த பால் வேனில் ஏறி எங்கெங்கோ போய்க் காப்பியாகித் தயிராகி எத்தனையோ உதடுகளில் வெள்ளை மீசையாக ஒட்டியது, யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, போன வாரத்தை விட இந்த வாரம் பால் கொஞ்சம் திக்காக இருக்கிறது என்று மட்டும் ஒரு கடையிலிருந்து பாராட்டு வந்தது.

பெயரும் மாறியது. முதல் நாள் அது சளி. கூரைக்கு ஏறியதும் சளிமரம். சேலைக்கு வந்ததும் வெள்ளைமரம். ராக்கியப்பன் மைக்கைப் பிடித்த அன்று, இந்த மண்ணுக்கே உரிய வெள்ளி விருட்சம் என்று தழுதழுத்தார், அதற்குப் பிறகு சளி என்று சொன்ன ஒரு பள்ளிக்கூடப் பையனை வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார்.

இவ்வளவுக்கும் நடுவில் நாச்சிமுத்து தேய்ந்துகொண்டு வந்தார். ஒவ்வொரு மரமும் வரும்போது அது இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் மூச்சையும் பறித்துக்கொண்டு வந்தது. முன்பெல்லாம் ஒரு மூச்சில் ஒரு சண்டையே போடுகிறவர், இப்போது ஒரு வாக்கியத்தை மூன்றாகப் பிய்த்துச் சொன்னார். படுத்தால் நெஞ்சுக்குள் குக்கர் விசில் வைத்தது, அதனால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார், துளசிமணி அவர் முதுகுக்குத் தலையணை வைத்தாள், அந்தத் தலையணை உறையிலும் அதே டிசைன். அவள் உறையை உருவி அடுப்பில் போட்டாள். அது எரிந்த நாற்றம் தெரு முழுக்கப் போனது.

ஆனால் நாச்சிமுத்துவுக்கு இதில் ஒரு சந்தோஷமும் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். இத்தனை வருஷம் மில்லில் அவரை ஏ கார்டிங்கு என்று கூப்பிட்டவர்கள் இப்போது அண்ணா என்றார்கள். பேக்கரியில் நாற்காலி போட்டார்கள். அவர் தொண்டையைச் செருமினால் தெருவே நின்று பார்த்தது.

அப்போதுதான் தொழிற்சாலை ஆய்வாளர் வரப்போகிறார், பஞ்சுத் தூசி பிடிக்கிற மிஷின் இல்லாவிட்டால் மில்லுக்குப் பூட்டு என்று செய்தி வந்தது. ராக்கியப்பன் ஊர்க்கூட்டம் போட்டார். பரணிதரனைப் பேசச் சொன்னார். பரணிதரன் கண்ணாடியை ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டு சொன்னது இதுதான்: தூசி பிடிக்க நிறையப் பரப்பு வேண்டும், கொஞ்ச இடத்தில் நிறையப் பரப்பு வேண்டுமென்றால் இந்த உருவத்தை விட்டால் வேறு கிடையாது, ஆனால் இதுவரை வந்ததெல்லாம் வெறும் கிளைகள், காற்றுக் குழாயில் பொருத்த இரண்டு பக்கமும் சேர்கிற அடித்தூரோடு ஒரு முழு மரம் வேண்டும். உருவம்தான் முக்கியம், அளவெடுத்துக் கொடுத்தால் தகரத்திலோ கம்பியிலோ பட்டறையில் செய்துவிடலாம் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

"இருக்கறப்ப எதுக்குத் தம்பி செய்யோணும்?" என்றார் ராக்கியப்பன். "நம்ம நாச்சிமுத்து இருக்கறானல்ல."

கூட்டம் தலையாட்டியது. இதில் ஒரு அழகு பாருங்கள்: மில்லில் இனிமேல் யாரும் இருமாமல் இருப்பதற்கு நாச்சிமுத்து ஒரே ஒரு பெரிய இருமல் இரும வேண்டும்.

துளசிமணி பெண்கள் பக்கமிருந்து எழுந்தாள். "தூரோட வந்துட்டா, அப்பறம் என்ற வூட்டுக்காரரு எதுலீங்க மூச்சு உடுவாரு?"

பரணிதரன் தன் செருப்பைப் பார்த்தார். ராக்கியப்பன் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், அம்முணி, ஆம்புலன்ஸ் வாசல்லயே நிக்கும், வெளியூர் டாக்டர் வருவாரு, ஊருக்காக ஒருத்தர் செய்யற தியாகத்த ஊரு மறக்காது, கேட்டுக்கு அவரு பேரையே வெச்சுப்புடலாம் என்று அடுக்கினார். கைதட்டினார்கள். துளசிமணி புருஷனைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து, கழுத்தில் போட்ட மாலையின் சம்பங்கியைக் கிள்ளிக்கொண்டே, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மூன்று மூச்சில் சொன்னார்.

"ஊரே... கேக்குது... புள்ள."

சளி பார்த்துக் குமட்டாதவள், அதைத் தினம் கழுவிப் போட்டவள், அன்றைக்கு வீட்டுக்குப் பின்னால் போய் முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

மறுநாள் மில் கேட்டில் வெல்லப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், வரிசையில் வந்த பாப்பாத்தியக்காவைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். பாப்பாத்தி காதில் போட்டால் சாயங்காலத்துக்குள் சந்தைக்கே தெரிந்துவிடும், அது துளசிமணிக்கு நன்றாகத் தெரியும்.

"அக்கா, உங்ககிட்ட மட்டுந்தான் சொல்றனுங். என்ற வூட்டுக்காரருக்கு மரம் வாரது வெல்லத்த நிறுத்துனதுக்கு அப்பறந்தான். வெளிய சொல்லீராதீங்க, எல்லாருக்கும் வந்துட்டா அவருக்கு மதிப்பில்லாமப் போயிரும்."

பாப்பாத்தி சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றாள். கையில் வாங்கிய வெல்லத்தை வாயில் போடவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். சொல்லவும் இல்லை, தன் தங்கச்சியிடம் மட்டும் சொன்னாள், தங்கச்சி தன் புருஷனிடம் மட்டும், அவன் ஸ்பின்னிங்கில் பக்கத்து மிஷின்காரனிடம் மட்டும், இப்படி ஒருவர் ஒருவருக்கு மட்டும் சொல்லிச் சொல்லி, கிளையிலிருந்து கிளையாகப் பிரிந்து நுனி நுனியாகப் போய்ச் சேர்ந்தது அந்த ரகசியம். ஊரில் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் தனக்கு ஒரு மரம் வந்தால் என்னென்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டார்கள். கேட்டில் வெல்லத்தை வாங்குவதைப் போல வாங்கி, விழுங்குவதைப் போலத் தொண்டையை ஆட்டிக் காட்டி, சுவரைத் திரும்பியதும் சாக்கடையில் துப்பினார்கள். பரணிதரன் மரத்தைப் பார்த்து வெட்டிய சாக்கடை பாகு பாகாகப் பிசுபிசுத்தது, அதன் கிளை முழுக்க எறும்பு, எறும்புக்கு மேல் ஈ, ஈக்கு மேல் ஒரு இனிப்பு நாற்றம், அது சோற்றில் ஏறியது. ராக்கியப்பனும் வழக்கம் போல முதல் கட்டியை எல்லாரும் பார்க்க வாயில் போட்டார், வழக்கம் போலச் சிரித்தார், மாடிப்படி திரும்புகிற இடத்தில் கைக்குட்டையில் துப்பிக்கொண்டார். ஊரில் எல்லார் குரலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரத்தது. நாச்சிமுத்துவின் மேல் இருக்கிற மரியாதையில் எல்லாரும் அவரை மாதிரியே பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று வாத்தியார் விளக்கம் கொடுத்தார்.

விழா நாள் வந்தது. மில் மைதானத்தில் பந்தல், பந்தலுக்கு அதே டிசைனில் துணி, பெண்கள் கட்டியிருந்த சேலையில் அதே டிசைன், எல்லாருக்கும் சொசைட்டியிலிருந்து வந்த குளிர்ந்த பாதாம் பால். மேடையில் நாச்சிமுத்துவை வெள்ளை வேட்டியில் உட்கார வைத்து, முன்னால் குளிக்கிற அளவுக்கு ஒரு பித்தளை அண்டாவை வைத்திருந்தார்கள். பக்கத்தில் பரணிதரன் டேப்போடு நின்றார். துளசிமணி புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள், காலடியில் வெல்லப் பானை இருந்தது. அதை எதற்குக் கொண்டு வந்தாய் என்று கேட்டதற்கு, பழக்கமுங்க, எடுத்துட்டு வந்துட்டனுங்க என்று சொல்லிவிட்டாள்.

ராக்கியப்பன் மைக்கில், இந்த இனிய வேளையிலே என்று ஆரம்பித்து, இனிய வேளை முடிந்து, நாச்சிமுத்துவை நோக்கிக் கையைக் காட்டினார். நாச்சிமுத்து கழுத்தை நீட்டினார். ஊர் மூச்சைப் பிடித்தது.

பிடித்த மூச்சை விட முடியவில்லை.

முதலில் முன் வரிசையில் பாப்பாத்தி. பூனை மாதிரி கழுத்தை நீட்டினாள், குனிந்தாள், அவளிடமிருந்து அந்த ஈரப் பாய் இழுக்கிற சத்தம் வந்தது. பக்கத்தில் அவள் தங்கச்சி. அவளுக்குப் பின்னால் ஸ்பின்னிங்காரர்கள் ஒரு வரிசையே. பிறகு பால் சொசைட்டி ரங்கநாதன், மூக்கு வழியாக. பேக்கரி குருசாமி, சாயக்காரர், தென்னந்தோப்புக்காரர், வாத்தியார், பெஞ்சு மேல் நின்ற பையன். பந்தல் முழுக்க ஒரே கக்கல், ஒரே இழுப்பு, மடியில் விழுந்தது, மாலையில் விழுந்தது, பாதாம் பாலுக்குள் விழுந்து டம்ளரை உடைத்துக்கொண்டு விரிந்தது, ஒருவர் கக்கியது இன்னொருவர் கொண்டையில் சிக்கியது. ஒவ்வொருவர் முகத்திலும் முதலில் ஒரு வெளிச்சம், வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது என்று. பிறகு கையில் இருந்ததைப் பார்த்தார்கள்.

அது சூடாக இருந்தது. நாறியது. அதற்குள் மெத்தைப் பஞ்சும், பனியன் நூலும், எத்தனையோ வருஷத்து வெல்லத்தில் ஊறிக் கருத்த திட்டுகளும் இருந்தன. இத்தனை நாள் அதைக் கூரையில் வைத்தவர்கள், உடுத்தியவர்கள், அதற்குள் பால் விட்டவர்கள், அதையே கையில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்து, விரல்களை விரித்து, உதறி, உதறியும் போகாமல், வேட்டியில் துடைத்து, பிறகு வேட்டியைப் பார்த்துக் குமட்டி நின்றார்கள். அடுத்தவனிடமிருந்து வந்தால் டிசைன், தன்னிடமிருந்து வந்தால் சளி. ஒரு பெண் தான் கட்டியிருந்த சேலையைக் குனிந்து பார்த்தாள், அப்படியே உட்கார்ந்து அழுதாள். குடித்த பால் எல்லாருக்கும் ஒன்றாக நினைவு வந்தது, அதற்கப்புறம் பந்தலில் நடந்ததை எழுதப் போவதில்லை, அவ்வளவு கெட்ட மனசு எங்களுக்குக் கிடையாது.

நாச்சிமுத்து மட்டும் மேடையில் அண்டாவைப் பார்த்துக் குனிந்தபடி இருந்தார், இருமல் பாதியில் நின்றுபோயிருந்தது. ஊரைப் பார்த்தார். அண்டாவுக்குள் கொஞ்சம் துப்பினார். வெறும் எச்சில்.

உதறி எறிந்த மரங்கள் மைதானத்தில் விழுந்த இடத்தில் விறைத்தன. பரணிதரன்தான் முதலில் கவனித்தார். ஒன்றின் நுனி இன்னொன்றின் காம்போடு போய்ச் சேர்ந்திருந்தது, அது அடுத்ததோடு, அப்படியே பாப்பாத்தியிலிருந்து வாத்தியார் வரைக்கும், மேடை மேல் நின்று பார்த்தால் முதல் நாள் பேக்கரி வாசலில் கிடந்த அதே உருவம், இப்போது மைதானத்தளவு. யார் துண்டு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு இடம் மட்டும் காலியாக இருந்தது. நடுவில், இரண்டு பாதியும் சேர வேண்டிய இடத்தில் தூர் இல்லை.

அந்த நேரம் பார்த்து மைக்கில் ஒரு சத்தம் கேட்டது. ஸ்பீக்கர் வழியாக ஊர் முழுக்கக் கேட்டது, ஈரப் பாய், பூனை, எல்லாம். ராக்கியப்பன் இரண்டு கையையும் வாய்க்கு நேரே குவித்துக்கொண்டு நின்றார். குவித்த கைக்குள் கவைக்கோல் மாதிரி ஒன்று, தடிமனாக, வழவழவென்று, ஏசி ரூமின் குளிர்ச்சியோடு இருந்தது. இத்தனை பேருடைய பஞ்சும் மேலே ஏறிப் போய் அங்கேதான் சேர்ந்திருந்தது போல.

"சார், அதான் சார் தூரு," என்றார் பரணிதரன், சந்தோஷத்தில் கையை நீட்டி. "அதைக் குடுங்க சார், சரியாப் பொருந்தும்."

ஊர் முழுக்க நிமிர்ந்து பார்த்தது. யாரும் கேட்கவில்லை, சும்மா பார்த்தார்கள், நாச்சிமுத்துவை இத்தனை நாள் பார்த்த அதே பார்வை. ராக்கியப்பன் கையை மூடினார். பின்னால் நகர்ந்தார். மேடையின் ஓரம் வந்ததும் துளசிமணி பக்கம் திரும்பி, மைக்குக்கு வெளியே, சின்னக் குழந்தை கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"அம்முணி... ஒரு கட்டி... வெல்லம்."

துளசிமணி பானைக்குள் கையை விட்டாள். அடியில் கிடந்த ஒரு கட்டியை எடுத்தாள், அதில் எறும்பு மொய்த்து உருவமே தெரியவில்லை, அவள் தட்டவில்லை, ஊதவில்லை. அவர் உள்ளங்கையில் வைத்தாள். ராக்கியப்பன் மூடிய கையைத் திறந்து, அந்தக் கவையைத் திரும்ப வாய்க்குள் திணித்து, அதற்கு மேல் வெல்லத்தை, எறும்போடு, போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க, ஒரே விழுங்காக விழுங்கினார். எல்லாரும் பார்க்க. பிறகு பழக்கத்தில் சிரித்தார். பல்லிடுக்கில் ஒரு எறும்பு ஊர்ந்தது.

கூட்டத்தில் யாரோ உமிழ்ந்தார்கள். அந்தச் சத்தத்தோடு விழா முடிந்தது.

மறுநாள் ஷிப்டுக்குச் சங்கு ஊதியது, யாரும் போகவில்லை. அதற்கடுத்த நாளும் ஊதியது. கேட்டில் வெல்லப் பானை காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. மூன்றாம் நாளும் ஊதி ஆள் வராததைப் பார்த்துவிட்டு ராக்கியப்பன் பரணிதரனை ஏசி ரூமுக்குக் கூப்பிட்டு, கரகரத்த குரலில், தகரத்துலயே செஞ்சுரு தம்பி என்றார். பட்டறையில் ராத்திரி பகலாகத் தட்டினார்கள். கிளைக்குள் கிளை, கிளைக்குள் கிளை, மைதானத்தில் கிடந்ததைப் பார்த்து அளவெடுத்தது. அதைக் குழாயில் மாட்டி விசிறியைப் போட்ட பிறகு கார்டிங் ஹாலின் எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம் இருப்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆய்வாளர் வந்து பார்த்து, அருமையான டிசைன், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டார். வரிசையாக நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எச்சிலை விழுங்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

நாச்சிமுத்து பேக்கரிக்குப் போனார். துளசிமணியும் கூடப் போனாள். நாற்காலியை எடுத்து உள்ளே வைத்துவிட்டிருந்தார்கள், அவரை யாரும் அண்ணா என்று கூப்பிடவில்லை, அதற்கு அவர் கொஞ்சம் முகம் வாடினார் என்பதும் உண்மை. கூரை மேல் கம்பியில் முறுக்கிய ஒரு குட்டி மரம் வெயிலில் மின்னியது, டிவியில் அந்த அம்மாளின் மூக்குத்தி அதே தெளிவோடு மின்னியது. குருசாமி டம்ளரைக் கழுவினார், மறுபடி கழுவினார், பாலா கட்டனா என்று கேட்டார்.

"கட்டன் டீயே போடுங்க," என்றாள் துளசிமணி. "வெல்லம், சக்கரை ஒண்ணும் வேண்டாமுங்க."

நாச்சிமுத்து ஒரு மடக்குக் குடித்தார். கழுத்தை நீட்டினார். இருமினார். பன்னை நனைத்துக்கொண்டிருந்தவர் பன்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார், டிவி பார்த்தவர்கள் திரும்பினார்கள், குருசாமியின் கை தானாக இடுக்கிக்குப் போனது, எல்லார் கண்ணும் அவர் உள்ளங்கையில் வந்து நின்றது. அவர் கையை விரித்துக் காட்டினார். ஒன்றுமில்லை, கொஞ்சம் ஈரம்.

"என்னத்த பாக்கறீங்க," என்றார் நாச்சிமுத்து, ஒரே மூச்சில், நடுவில் எங்கேயும் நிறுத்தாமல், "எல்லாரும் அவுங்கவுங்க டீயக் குடிச்சுட்டு அவுங்கவுங்க சோலியப் பாருங்கய்யா."

அவ்வளவுதான் சங்கதி. மடித்துப் போட்ட இலையை இனி பிரிக்கலாம். மோரை மட்டும் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஊற்றிக்கொள்ளுங்கள்.